மீதியிருந்த எட்டு மைல்

முந்தாநாள் காலையில் என் கணவர் எட்டு மைல் சைக்கிள் மிதித்தார்.

இதில் என்ன செய்தி இருக்கிறது? எங்கள் தெருப் பால்காரர் தினமும் அதைவிட அதிகம் மிதிக்கிறார். ஆனால் சந்தையிலும் கோயில் வாசலிலும் என்னை மறித்து, "சவாரி என்னம்மா ஆச்சு? முடிச்சாரா, இல்லையா?" என்று கேட்ட வாசகர்களுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கத்தில் அத்தனை தம்பட்டம் அடித்தவள் நான்தானே!

தம்பட்டத்தைக் கேட்காதவர்களுக்கு — மெட்ராஸிலிருந்து தூத்துக்குடிவரை சைக்கிள் சவாரி. பெட்ரோலுக்குக் கூப்பன், அரிசிக்கு ரேஷன், ரயில் முழுக்கச் சிப்பாய்கள். "காலுக்கு இன்னும் எவனும் ரேஷன் போடலியே, கிரேசு!" என்றார் அவர். பள்ளிக்கூட வாத்தியார். லீவு விட்டால் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. முன்சக்கரம் தூத்துக்குடிக் கடலில் நனைந்தால்தான் சவாரி முடிந்ததாக அர்த்தம் என்று விதியும் அவரே போட்டுக்கொண்டார்.

துணைக்கு நான், அப்பாவின் பழைய காரில். கரியில் ஓடும் கார். யுத்தம் வந்த பிறகு பஸ்களில் பார்த்திருப்பீர்களே... பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளை, அதற்குள் கரி நெருப்பு, அதிலிருந்து வரும் வாயுவில் எஞ்சின் ஓடும். நெருப்பை அணைத்துவிட்டால் மறுபடி மூட்டி, ஊதி, வண்டியைக் கிளப்புவதற்குள் உயிர் போய்விடும். அதனால் நிற்கிற இடத்திலும் அணைப்பதில்லை. நாங்களும் அணைக்கவில்லை.

வழியெல்லாம் கேலிதான். கோவில்பட்டியில் ஒரு காப்பிக் கடை வாசலில் —

"ஏலே, அங்கன பாரு! பொம்பள காரு ஓட்டுதா, ஆம்பள சைக்கிள் மிதிக்கான்!"

"வீட்டுல சண்டையா இருக்கும்லே. எறக்கி விட்டுட்டா!"

அவர் சைக்கிளை நிறுத்தினார். "சண்டையெல்லாம் இல்ல அண்ணாச்சி. கரி தீந்தா அவ மிதிப்பா, நான் உக்காந்து வருவேன்!" கடையே சிரித்தது.

எட்டயபுரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தூத்துக்குடிக்கு எட்டு மைல் என்று போட்டிருந்த கல்லருகே அவர் சைக்கிளைச் சாய்த்தார். குளிரில் உதடு வெளுத்திருந்தது.

"கொஞ்ச நேரம் படுங்க. கடலு எங்கயும் ஓடிராது."

"ஒரு காப்பி போடு ஏளா. குடிச்சிட்டு ஒரே மிதி!"

பின் சீட்டில் படுக்க வைத்தேன். சாரல் அடிக்கக் கூடாதே என்று பக்கத்துக் கித்தான் திரைகளையெல்லாம் இழுத்து, ஒன்று விடாமல் பட்டனைப் போட்டேன். சீட்டுக்குப் பின்னால் உருளை கனன்றுகொண்டிருந்தது. உள்ளே கதகதப்பாகத்தான் இருக்கும் என்று சந்தோஷம் வேறு. எதிரே ஆளில்லாத சாவடி. அங்கே கருப்பட்டிக் காப்பிக்கு அடுப்பு மூட்டினேன்.

நடுவில் ஒரு தடவை போய்த் திரையை விலக்கிப் பார்த்தேன். முகம் நன்றாகச் சிவந்திருந்தது. இத்தனை நாளும் வெயிலில் வாடி வதங்கியிருந்த முகம்! நல்ல உறக்கம், ரத்தம் ஊறியிருக்கிறது என்று நினைத்தேன். திரையை மறுபடி மூடிவிட்டு வந்தேன்.

காப்பி ஆறியது. கூப்பிட்டேன். எழவில்லை. தோளைப் பிடித்து உலுக்குவதற்காக உள்ளே குனிந்தேன். எனக்கே தலை சுற்றியது...

திரைகளைக் கிழித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். காலைப் பிடித்து மழைக்குள் இழுத்துப் போட்டேன். அந்த வழியாக வந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் குதித்து ஓடி வந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தார். "மூச்சு இருக்குக்கா! வண்டிய எடுங்க, நான் தாங்கிப் பிடிச்சிக்கிடுதேன்!"

நெருப்பு அணையாமல் இருந்ததால் வண்டி உடனே கிளம்பியது. அதற்காக நான் யாருக்கு நன்றி சொல்வது?

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், "முகம் நல்லாச் சிவந்திருந்துச்சே டாக்டர்..." என்று திரும்பத் திரும்பச் சொன்னேனாம். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "கரி வாயுவோட விஷம் ரத்தத்துல ஏறினா அப்படித்தாம்மா செவக்கும்."

பிழைத்தார். கண் விழித்ததும் என்னைத் தெரிந்தது. அவருடைய அம்மாவைத் தெரிந்தது. பள்ளிக்கூடம், பைபிள், வாய்ப்பாடு எல்லாம் தெரிந்தது. "சவாரிய அப்புறம் முடிச்சிக்கிடலாம்" என்றேன். "என்ன சவாரி?" என்றார்.

மெட்ராஸ் இல்லை. கோவில்பட்டி இல்லை. மிதித்த நானூறு மைலில் ஒரு மைல்கூட இல்லை. ஞாபகம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். கரண்டியைப் பிடித்தால் இன்னும் நழுவுகிறது.

தினமும் சாயங்காலம் நான் அவருக்கு அந்தச் சவாரியைச் சொல்கிறேன். கேலி செய்தவர்கள், பஞ்சரான டயர், கிணற்றடிக் குளியல் என்று எல்லாம். மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார். நடுவில் கேட்கிறார் — "பெறவு அந்த ஆளு என்ன செஞ்சான்?"

அந்த ஆள்!

அதனால்தான் முந்தாநாள் அவரை அந்தக் கல்லுக்கே கூட்டிப்போனேன். அவருடைய விதி அவருக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லையே? திரை ஒன்றுகூட இல்லாத காரில் நான் முன்னால் போக, அவர் மெதுவாக, இரண்டு இடத்தில் இறங்கி உட்கார்ந்து, கடற்கரை வந்து சேர்ந்தார். சக்கரத்தைத் தண்ணீருக்குள் விட்டார்.

நெத்திலி காயப்போட்டுக் கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். "ஏயா, சைக்கிளையா குளிப்பாட்டுதிய? உப்புத் தண்ணி, துருப் பிடிச்சிரும்! எங்கேருந்து வாரிய?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வந்த வழியைப் பார்த்தார். "எட்டு மைலு இருக்கும்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மெட்ராஸ்லேருந்து வாராரு!" என்றேன், சத்தமாக.

அவள் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "யம்மா... புழுகுனாலும் ஒரு அளவு வேணும்!"

அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஆகவே, கேட்டவர்களுக்கு — ஆம், முடித்துவிட்டார். சாட்சி நான் ஒருத்திதான்.