பன்னிரண்டு மீட்டர் பின்னால்

சும்மா உட்கார்ந்திருக்கச் சம்பளம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? பின்வண்டிக்காரருக்கு அந்த வேலைதான் கிடைத்தது. ஆனால் முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதரை லாரிக்குள்ளேயே சும்மா உட்கார வைப்பது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று, வேலை கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

விஷயம் இதுதான். இரண்டு பெரிய லாரிகள் நெடுஞ்சாலையில் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். முன்வண்டியை மனிதர் ஓட்டுவார். பின்வண்டி தானாகவே அதைத் தொடரும். முன்னது பிரேக் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் பின்னதும் போடும், திரும்பினால் திரும்பும். நடுவில் பன்னிரண்டு மீட்டர்தான் இடைவெளி. அந்த இடைவெளியில் அந்த வேகத்தில் மனிதன் ஓட்டினால் அன்றைக்கே மோதிவிடுவான், கம்ப்யூட்டர் மோதாது என்பது கம்பெனியின் நம்பிக்கை. அதைப் பொதுச்சாலையில் ஓட்டிப் பார்ப்பதுதான் சோதனை. ஒரு பாதுகாப்புக்காகப் பின்வண்டியிலும் ஒரு டிரைவர் இருப்பார், கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு. கோளாறு என்று பட்டால் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். பிடித்தால் அது பதிவாகும். ஏன் பிடித்தாய் என்று மாலையில் பதில் சொல்ல வேண்டும்.

முன்வண்டியை ஓட்டியவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். உறவு பின்னால் வந்தது. அதற்கு முன்பே இருவரும் ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஓட்டியவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அதனால் மரியாதை எல்லாம் பேருக்குத்தான், "நீ", "வா", "போ"தான். தினமும் காலையில் வண்டி கிளம்பும்போது ரேடியோவில் மச்சானின் குரல் வரும்.

"பின்னாடி இருக்கியா மாப்பிள்ளை?"

"வேற எங்க போகப்போறேன் மச்சான்?"

பின்வண்டியிலிருந்து பார்த்தால் சாலை தெரியாது. முன்வண்டியின் பின்கதவு மட்டும்தான் சுவர் மாதிரி நிற்கும். அதனால் முன்வண்டியின் முகப்பில் ஒரு கேமராவை வைத்து, அது பார்ப்பதைப் பின்வண்டியில் ஒரு திரையில் காட்டினார்கள். மச்சானுக்கு முன்னால் என்ன இருக்கிறதோ அது அப்படியே இவருக்கும் தெரியும். அந்தத் திரைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஒரு நாள் மதியம், திரையில் இடது ஓரமாக ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. நன்றாகத்தான் தெரிந்தது. பத்து விநாடி தெரிந்தது. மச்சான் அதன் மேலேயே வண்டியை ஒதுக்கினார். இவர் பிரேக்கை மிதித்ததும், அந்தப் பையன் மண்ணில் இறங்கித் தப்பியதும் ஒரே நேரம்.

"எங்கேர்ந்துடா குதிச்சான் இவன்?" என்றார் மச்சான் ரேடியோவில்.

பின்வண்டிக்காரர், வண்டி நின்ற இடத்தில் டீ வாங்கி, மச்சானின் இடப்பக்கமாக நின்று டம்ளரை நீட்டினார். மச்சான் வாங்கவில்லை. அவர் நேராகப் பார்த்துக்கொண்டு, "டீ சொன்னியா இல்லையா?" என்று கேட்டார். டம்ளர் அவர் காதுக்கு ஒரு முழம் தள்ளி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா மச்சான்?"

மச்சான் கையால் துழாவி டம்ளரை வாங்கிக்கொண்டார். "ஒரு வருஷமா. ஓரமெல்லாம் உதிர்ந்துக்கிட்டே வருதாம். குழாய் வழியாப் பார்க்கிற மாதிரி இருக்குடா. நேரா எல்லாம் தெரியுது. கண் பரிசோதனையில எழுத்தைத்தானே படிக்கச் சொல்றான், கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டேன்."

"எறங்கிடு."

"இன்னும் ஏழு மாசம். முப்பது வருஷம் ஆயிடும். நானா எறங்கணும் மாப்பிள்ளை. யாரும் என்னை எறக்கிவிடக் கூடாது."

இதை மறைக்க மாட்டேன் என்று பின்வண்டிக்காரர் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் தகப்பனில்லாமல் அண்ணன் தோளிலேயே வளர்ந்தவள். பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள். இவர் விஷயத்தில் பாசம் இன்னொருவருக்குக் கண்ணாக இருக்கக் கிளம்பியது.

மறுநாளிலிருந்து பின்வண்டிக்காரர் சும்மா உட்காரவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். ரேடியோப் பேச்செல்லாம் பதிவாகும் என்பதால் நேரடியாகச் சொல்ல முடியாது. ஆகவே சொந்தக்காரர்கள் வந்தார்கள். பஸ், லாரி என்றால் தாத்தா. கார் என்றால் மாமா. இரு சக்கர வண்டி என்றால் பேரன். இடது பக்கம் அம்மா வழி, வலது பக்கம் அப்பா வழி.

"மச்சான், அம்மா வழிப் பேரன் ஒருத்தன் வந்திருந்தான்."

"அப்படியா? எப்படி இருக்கான்?"

"துள்ளிக்கிட்டு இருக்கான். கொஞ்சம் விலகியே இரு."

மச்சான் விலகுவார். வண்டி பூப்போலப் போகும். சோதனையை நடத்திய பொறியாளர் ஒரு பெண், இவர் மகள் வயது. எப்போதாவது பதிவுகளைக் கேட்டுவிட்டுச் சிரிப்பாள். "உங்க ரெண்டு பேருக்கும் சொந்தக்காரங்க ஊரு முழுக்க இருப்பாங்க போலிருக்கே சார்! அந்த அப்பா வழித் தாத்தாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"கடந்து போயிட்டாரும்மா," என்பார் பின்வண்டிக்காரர். அவள் பாவம், வருத்தப்படுவாள்.

நான்கு மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள்கூடப் பின்வண்டிக்காரர் ஸ்டியரிங்கைத் தொட வேண்டி வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பொறியாளர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இவ்வளவு சுத்தமான பதிவை நாங்க எதிர்பார்க்கவே இல்லை சார். அனுமதி வந்துடுச்சு. திங்கட்கிழமையிலேர்ந்து பின்வண்டியில ஆள் வேண்டாம். அது காலியாவே போகும். உங்களுக்கு ஆபீஸ்ல வேற வேலை தர்றோம்."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அந்த மண்ணை இவர் நான்கு மாதமாக வாரியிருக்கிறார். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல வாயைத் திறக்காமல் நின்றார். மச்சான் மட்டும் "ரொம்ப சந்தோஷம்மா" என்றார்.

வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்ததும் இவர் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திங்கட்கிழமை நீ வராதே. முதுகு வலின்னு சொல்லிடு."

"இன்னும் மூணு மாசம்தான். சமாளிச்சுக்குவேன்."

"பேரன் வந்தா யாரு சொல்லுவா?"

"நீ என்னடா சின்னப் பையன் மாதிரி..."

"மச்சான், அந்த ரோட்டுல நெஜமாவே யாரோட பேரனோ போறான்."

மச்சான் கையை உதறினார். "உனக்கு என்ன வேணும்? மூணு மாசம் வாயை மூடிக்கிட்டு இரு. என் தங்கச்சியைக் கட்டினதுக்கு இதைக்கூடச் செய்ய மாட்டியா?"

பின்வண்டிக்காரர் சனிக்கிழமை முழுவதும் வீட்டில் எதையோ தேடுகிறவர் போல நடந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பொறியாளரை அலுவலகத்துக்கு வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் நம்பாமல் பழைய பதிவுகளை ஓடவிட்டு, கேமராப் படத்தையும் கூடவே வைத்துப் பார்த்தாள். அம்மா வழிப் பேரன் என்று குரல் சொன்னதும் திரையின் இடது ஓரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. அதன் பின்சீட்டில் ஒரு குழந்தை. அவள் அடுத்ததைப் போட்டாள். அதற்கடுத்ததையும் போட்டாள். முன்பெல்லாம் சிரித்த இடங்களில் இப்போது கையால் வாயை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மச்சானை இறக்கிவிட்டார்கள். எந்த வார்த்தைக்கு அவர் பயந்தாரோ அதே வார்த்தை. உரிமத்தையும் வாங்கிக்கொண்டார்கள். மறைத்ததற்காகப் பின்வண்டிக்காரருக்கும் வேலை போயிற்று. அது நியாயம்தான் என்று அவரே சொன்னார். அன்றிலிருந்து மச்சான் அவரோடு பேசவில்லை.

மனைவி மூன்று நாள் சமைத்துப் போட்டாள், பேசவில்லை. நான்காம் நாள் சொன்னாள்: "நீங்க செஞ்சது சரிதான். எனக்குப் புரியுது. ஆனா உங்க மூஞ்சியைப் பார்க்க முடியலைங்க." அதற்கு மேல் ஒரு மனிதனைக் கொல்ல வேறு ஆயுதம் வேண்டியதில்லை. அவர் சாப்பிடாமலே எழுந்து கை கழுவினார்.

ஒரு வருடம் போயிற்று. அவர் ஒரு கிடங்கின் வாசலில் வந்து போகும் வண்டிகளின் எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். மச்சானுக்குக் குழாய் இன்னும் குறுகிவிட்டது. ஆனாலும் தினமும் காலையில் தனியாக நடந்து போய்ப் பத்திரிகை வாங்கி வருவாராம். துணைக்கு வருகிறேன் என்று பெண்டாட்டி சொன்னால் எரிந்து விழுவாராம். மனைவி இதை அடுப்பைப் பார்த்தபடியேதான் சொன்னாள். "ரெண்டு தெருவைத் தாண்டணும்" என்று மட்டும் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து பின்வண்டிக்காரர் வேலைக்குப் போகும் முன்பு மச்சானின் தெருவுக்குப் போனார். மச்சான் வாசலிறங்கி நடக்க, இவர் பன்னிரண்டு தப்படி விட்டு ஓசையில்லாமல் நடந்தார். பத்திரிகைக் கடை வரை போய், திரும்பி வீடு வரை. கைகள் பழக்கதோஷத்தில் தொடையோடு ஒட்டியே இருந்தன. ஐந்து வாரம் இப்படிப் போனது.

ஒரு நாள் முதல் தெருவைத் தாண்ட மச்சான் காலை எடுத்தபோது, சந்திலிருந்து ஒரு பைக் சீறிக்கொண்டு வந்தது.

"மச்சான், அம்மா வழிப் பேரன்!"

மச்சானின் கால் அந்தரத்திலேயே நின்றது. பைக் அவர் சட்டையை உரசிக்கொண்டு போயிற்று. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காலைப் பின்னுக்கு வைத்தார்.

"பின்னாடி இருக்கியா?" என்றார். மாப்பிள்ளை என்ற வார்த்தை வரவில்லை.

"இருக்கேன் மச்சான்."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்."

மச்சானின் தோள் ஒரு முறை ஏறி இறங்கியது. "வராதே," என்று சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டி நடந்தார்.

பின்வண்டிக்காரர் அங்கேயே நின்றார். மச்சான் போவதைப் பார்த்தார். பன்னிரண்டு தப்படி ஆனதும் இவரையும் அறியாமல் கால் நகர்ந்தது.

இரண்டாவது தெரு வந்தது. மச்சான் ஓரத்தில் நின்றார். தெருவில் ஈ காக்கை இல்லை. நேரே தெரிந்த வரைக்கும் அவருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் இறங்கவில்லை. பத்திரிகைக்கான சில்லறையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, நின்றுகொண்டே இருந்தார்.

பின்வண்டிக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது.

"யாரும் வரலை மச்சான்," என்றார்.

மச்சான் தெருவில் இறங்கினார்.