தொள்ளாயிரம் மீட்டரில்

மூன்றாவது நிமிடத்தில் பலூன் தயங்கியது. மேலே ஏறிக்கொண்டுதான் இருந்தது. பக்கவாட்டில் மட்டும் நின்றுவிட்டது. அதுவரை மேற்கே போனது, வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்தவனைப் போலத் திரும்பி, அவள் தலைக்கு மேலாக வடகிழக்கே ஓடத் தொடங்கியது. தியோடலைட் தொலைநோக்கியின் குழலை விரட்டித் திருப்பினாள். நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்தது. ஒவ்வொரு மணிக்கும் இரண்டு கோணங்களைப் படித்து எழுதினாள்.

பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. வானிலை நிலையத்தின் மைதானத்தில் காலையில் ஒரு சிவப்பு பலூனை விடுவது, கண்ணுக்கு மறையும்வரை தொடர்வது, அது அலைந்த வழியை வைத்து எந்த உயரத்தில் என்ன காற்று என்று கணக்கிடுவது. குழலில் பார்க்க மூடி மூடிப் பழகியதில், டீவி பார்க்கும்போதும் அவளுடைய இடது கண் பாதிதான் திறக்கிறது என்பான் கணவன். கழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தைலம் தேய்ப்பவன் அவன்தான்.

உள்ளே வந்து தாளில் புள்ளிகளை வைத்தாள். தரையில் மெல்லிய கிழக்குக் காற்று. தொள்ளாயிரம் மீட்டரில் தென்மேற்குக் காற்று, மணிக்கு எழுபது கிலோமீட்டர். நேற்று அதே உயரத்தில் பதினைந்துதான்.

அதிகாரி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மறுபடியும் தலைகீழா?"

எட்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, கருவியைத் திசைக்குப் பொருத்தும்போது, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து வைக்கவேண்டிய எண்ணை நேர் எதிரே நிற்கும் ஆலைப் புகைபோக்கியைப் பார்த்து வைத்துவிட்டாள். அன்று காற்றெல்லாம் எதிர்த்திசையில் வீசியதாக அறிக்கை போனது. அதிலிருந்து நிலையத்தில் அவள் பெயர் தலைகீழ். கான்டீன்காரர் அவளுக்கு மட்டும் டம்ளரைக் கவிழ்த்து வைத்து, அவள் நிமிர்த்திய பிறகுதான் டீ ஊற்றுவார்.

"தொட்டியப் பாத்துதான் வெச்சேன், சார்."

"அன்னைக்கும் இதத்தான் சொன்னே. பலூன் வெடிச்சிடுச்சுன்னு எழுதிடு. அனுப்ப வேணாம்."

அறிக்கை போனால் போகிறது. அண்ணன் வீட்டு மாடிக்கு அன்று கான்கிரீட் தளம் போடுகிறார்கள். மழை இல்லை என்று முந்தின நாள் சொன்னவள் அவள்தான். இந்தக் காற்று நிஜமென்றால் மழை கொட்டி ஈரக் கான்கிரீட் கரைந்து தெருவில் ஓடும். பொய்யென்றால், நிறுத்தச் சொல்லி வேலையைக் கெடுத்தவள் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும்.

கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. தொட்டியா, புகைபோக்கியா? அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தினமும் செய்கிற வேலையில் இதுதான் தொல்லை. கை தன் பாட்டுக்குச் செய்துவிடுகிறது. தாளைப் பார்த்தாள். முதல் நிமிடத்தில் பலூன் மேற்கே போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கொடியும் மேற்கே ஆடிக்கொண்டிருந்தது.

"சார், நான் தப்பா வெச்சிருந்தா முதல் நிமிஷமும் தப்பாத்தானே இருக்கணும்? கொடியப் பாருங்க."

அவர் கொடியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி கொடியைப் பார்த்தார்.

"உன் கையெழுத்துப் போட்டு அனுப்பு. என்னுது வேணாம்."

அனுப்பிவிட்டுப் போன் செய்தாள். அண்ணிதான் எடுத்தாள்.

"அண்ணி, இன்னைக்குத் தளம் போட வேணாம்."

"கலவை மெஷின் ஓட ஆரம்பிச்சாச்சு. பன்னெண்டு ஆளு வந்தாச்சு. வெயில் மண்டையப் பொளக்குது. நீ என்னடான்னா..."

"அந்த வெயில்தான் அண்ணி தொந்தரவு. தரையில காத்து இந்தப் பக்கம் போகுது, கொஞ்சம் மேல அந்தப் பக்கம் ஓடுது. நடுவுல இருக்கிற காத்து பாய் மாதிரி சுருண்டு படுத்துக் கிடக்கு. வெயில் சூடு அடியில இருந்து தூக்கினா பாய் எந்திரிச்சு நிக்கும். அங்க மேகம் சுத்த ஆரம்பிக்கும். அதுக்கு ஈரம் கொண்டு வந்து கொட்டுறதும் அந்த மேல் காத்துதான்."

"படுத்த பாய் எந்திரிக்குதா? எங்க வீட்ல படுத்த ஆளே எந்திரிக்க மாட்டேங்குறார். நீ சொல்றத நேரா எடுத்துக்கணுமா, திருப்பி எடுத்துக்கணுமா?"

"நேரா."

போனில் மெஷின் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணி யாரையோ கூப்பிட்டாள். சத்தம் நின்றது.

மூன்று மணிவரை வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. அண்ணன் இரண்டு தரம் போன் செய்தான். அவள் எடுக்கவில்லை.

மறுநாள் காலை மழைமானியில் எழுபத்திரண்டு மில்லிமீட்டர் இருந்தது. சாயங்காலம் நாலேகாலுக்குத் தொடங்கி ஐந்தரைக்கு விட்டது என்று பதிவேட்டில் எழுதினாள். கான்டீன் கூரையின் தகரம் ஒன்று புகைபோக்கியருகே கிடந்தது. கான்டீன்காரர் அதைச் சைக்கிளில் கட்டி எடுத்துவந்தார். அண்ணன் வீட்டில், பலகைகள்மேல் தேங்கிய தண்ணீரை வாளியால் அள்ளிக் கொட்டிவிட்டுப் பத்து மணிக்கு வேலையைத் தொடங்கினார்கள். முந்தின நாள் அறிக்கையின் நகலில், அவள் கையெழுத்துக்குக் கீழே அதிகாரியுடையதும் இருந்தது. டீ நேரத்தில் டம்ளர் கவிழ்ந்துதான் இருந்தது. அவள் தொட்டியைப் பார்த்துக் கருவியைப் பொருத்தினாள். இன்னொரு முறை பார்த்தாள். பலூன் நேராகத் தெற்கே போய், பதினெட்டாவது நிமிடத்தில் மறைந்தது.