இலையான் பிடிக்க வந்தவர்

எங்கள் பசுவுக்கு உடம்பெல்லாம் கட்டி எழும்பிய கிழமை, மிருக வைத்திய ஆய்வுகூடத்திலிருந்து ஓர் இளம் பெண் எங்கள் மருதனார்மடத்து வீட்டுக்கு வந்தார். மெலிந்தவர், கைகள் வெயிலில் கறுத்திருந்தன. வைத்தியம் பார்ப்பார் என்று நினைத்தேன். அவருக்கு வேண்டியிருந்ததோ மாட்டைக் கடிக்கும் ஈக்கள், எங்கள் பேச்சில் இலையான்கள். ஒவ்வொன்றும் இரத்தம் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கண்ணாடிக் குழாயால் மெல்ல மூடுவார். காத்திருக்கும் நேரமெல்லாம் அவருடைய மற்றக் கை பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருக்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. இலையான்களை விரட்ட வேப்பிலைப் புகை போடப் போனேன்.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா. இந்தக் கட்டி நோய் வைரசின்ரை மரபணு மாறியிருக்கு. இப்ப அது இலையான்ரை வாயிலை கூட நேரம் உயிரோடை நிக்குதோ எண்டு பாக்கவேணும்."

"அதாலை என்ரை மாட்டுக்கு என்ன பிரயோசனம் பிள்ளை?"

என் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "உங்கடை மாட்டுக்கு ஒண்டுமில்லை ஐயா. அடுத்த வளவு மாட்டுக்குத்தான்."

குழாய்கள் நிறைந்ததும் அவரே குந்தியிருந்து நெருப்பை ஊதினார். பசு கண்ணயரும்வரை இருமிக்கொண்டே புகைக்குள் நின்றார்.

பசு பிழைத்துக்கொண்டது. அவரைப் பிறகு நான் காணவில்லை. ஆனால் புகை போடும்போதெல்லாம், எழும்பிப் பறக்கிற இலையான்கள் யாருடைய வேலிக்கு மேலால் போகின்றன என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.