பின் கதவில் ஓர் அதிர்வு

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்தக் கதவோரம் மாட்டிக்கொண்டது நான். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னால் என் கடைக்குத்தான் கெட்ட பெயர்.

காருக்கு ஸ்பீக்கர் மாட்டுவது என் தொழில். பேஸ் என்கிற அடித்தொனி அதிகமானால் கதவுகள் தடதடவென்று ஆடும். கதவின் உள் அட்டையைக் கழற்றி, தகரத்தின்மேல் தார் ஷீட்டை ஒட்டி, ரோலரால் உருட்டினால் ஆட்டம் நிற்கும். கதவும் கனத்துவிடும். உள்ளே இருக்கிற சத்தம் உள்ளேயே இருக்கும். இந்த வேலையில் என்னை அடிக்க ஆள் இல்லை என்று எனக்கு ஒரு தலைக்கனம் உண்டு.

அன்று ஒரு பேக்கரிக்காரர் பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்தார். வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"இடது பக்கம் பின் கதவு ஆடுதுங்க. என் பொண்ணு அங்கதான் உக்காருவா. பயப்படுறா."

"பேஸுக்குப் போய்ப் பயமா?"

"பேஸுக்கு இல்லீங்க. பாட்ட நிறுத்துன பிறகும் ஆடுது."

காற்று நின்றபிறகு மரம் ஆடுமா என்று கிண்டல் செய்து அவரை அனுப்பிவைத்தேன்.

மாலை ஆறு நாற்பது. ஷட்டரை இறக்கினோம். இறக்காவிட்டால் சத்தம் தாங்காமல் பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சண்டைக்கு வந்துவிடுவார். உள்ளே நானும் மாப்பிள்ளையும் மட்டும். மாப்பிள்ளை என்றால் என் மனைவியின் தம்பி. வேலையில் கெட்டிக்காரன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு வழி உண்டு. ஒருவர் காருக்குள் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பார். இன்னொருவர் வெளியே நின்று கதவை உள்ளங்கையால் அங்கங்கே அழுத்துவார். எங்கே அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

பின் சீட்டில் உட்கார்ந்தேன். கதவுகளைச் சாத்தினேன். ரிமோட்டை அழுத்தி, 'ம்ம்ம்' என்று ஒரே சீராக ஓடும் சோதனை ஒலியை வைத்தேன். கதவு ஆடியது. தட... தட... தட...

கண்ணை மூடினேன்.

ஆட்டம் சட்டென்று நின்றது.

"அங்கதான்டா! கைய எடுக்காத. அப்படியே அழுத்திப் பிடி."

கதவு அசையவில்லை. நன்றாக அழுத்திப் பிடித்திருக்கிறான் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன்.

மாப்பிள்ளை கடையின் அந்தக் கோடியில் இருந்தான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயர் சீவிக்கொண்டிருந்தான்.

கதவுக்கு வெளியே யாரும் இல்லை.

ஒலியை நிறுத்தினேன்.

தொப்... தொப்... தொப்...

தகரம் ஆடும் சத்தம் இல்லை அது. நிதானமாக வந்தது. களைத்துப்போன சத்தம்.

கைப்பிடியை இழுத்தேன். திறக்கவில்லை. மறுபடி இழுத்தேன். கல் மாதிரி நின்றது.

"மாப்ளே!"

அவன் திரும்பவில்லை.

கண்ணாடியைக் குத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். பத்தடி தூரம்கூட இருக்காது...

தொப்...

என் தோளுக்குப் பக்கத்தில்.

தொப்.

சீட்டில் புரண்டு, மறுபக்கக் கதவைத் திறந்து வெளியே விழுந்தேன்.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"நான் கத்துனது கேக்கல?"

"எப்ப கத்துனீங்க?"

அந்தக் கதவை வெளியிலிருந்து திறந்தேன். உள்ளேயிருந்து குழந்தைகள் திறக்காமல் இருக்கப் போடும் சைல்டு லாக்கை முதலில் பார்த்தேன். போடவில்லை. பிசுக்கேறி, கார் வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாததுபோல் இறுகிக் கிடந்தது.

உள் அட்டையைக் கழற்றினோம்.

உள்ளே வயர்களில் சிவப்புத் துணி டேப். இந்த ஊரில் அதை ஒட்டுகிறவன் நான் ஒருவன்தான். கார் நிறம் மாறியிருந்ததால் அடையாளம் தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் அச்சகக்காரருக்கு நான் செய்துகொடுத்த வேலை.

உள் கைப்பிடியிலிருந்து பூட்டுக்கு ஒரு கம்பி போகும். அது தகரத்தில் இடித்துச் சத்தம் போடும். பஞ்சு சுற்றி, கம்பி ஓட இடம்விட்டுத்தான் ஷீட் ஒட்ட வேண்டும். அன்று எனக்கு அவசரம். கம்பியோடு சேர்த்தே ஒட்டிவிட்டேன். இழுத்துப் பார்த்தபோது கதவு திறந்தது. சரி, போதும் என்று விட்டுவிட்டேன். பிறகு வெயிலில் தார் இளகிக் கம்பியைக் கவ்விக்கொண்டிருக்கிறது.

ஷீட்டின் வெள்ளித் தாளில் ஓர் உள்ளங்கை ஆழமாகப் பதிந்திருந்தது. வெளியே தள்ளுகிற கை.

"உங்க கைதான் மாமா. ஒட்டும்போது பட்டிருக்கும்."

என் கையை வைத்துப் பார்த்தேன். அந்தக் கை பெரியது.

எல்லாவற்றையும் உரித்து, கம்பியை விடுவித்து, புதிதாக ஒட்டினோம். மறுநாள் காலை பேக்கரிக்காரர் வந்தார். கதவில் சத்தமே இல்லை.

"என்ன கோளாறுங்க?"

"சின்னக் கம்பிதாங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் குழந்தை ஒரு மாதம் அந்தக் கதவோரம் உட்கார்ந்திருக்கிறது.

மாப்பிள்ளை வெளியே போனதும் அச்சகக்காரரைப் போனில் அழைத்தேன். நான் செய்த தப்பைச் சொல்லிவிடத்தான் அழைத்தேன்.

"அந்தக் காரா? வித்துட்டேண்ணே. எங்கப்பா உயிர் அதுலதான் போச்சு."

அவருடைய அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விளங்காது. பின் சீட்டின் மறுபாதி முழுக்கக் காகிதக் கட்டுகள். அவரை உள்ளே விட்டு, கண்ணாடிகளை ஏற்றி, வெயிலில் காரை நிறுத்திவிட்டு, பத்து நிமிஷம் என்று இவர் போயிருக்கிறார். பேச்சில் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது.

"நான்தாண்ணே கொன்னுட்டேன். சைல்டு லாக்க என்னிக்கோ போட்டு மறந்துருக்கேன். எங்கம்மா இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட பேசறதில்ல."

அவர் போடவில்லை. அது எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மா மகனோடு பேசுவார். வாய் வரை வந்தது... நாக்கு எழவில்லை.

"கை கதவுலயே இருந்துச்சுண்ணே. தட்டியிருக்காரு. பக்கத்துலயே டயர் கடை, நாலு பேரு நின்னுருக்காங்க. கண்ணாடி வேற கறுப்பு. ஒருத்தருக்கும் கேக்கல. உங்களக் குறை சொல்லல... அவ்ளோ சுத்தமான வேலைண்ணே உங்க வேலை."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"யாருண்ணே அது?" என்றார் திடீரென்று.

"எது?"

"அங்க யாரோ கதவத் தட்டுறாங்களே."

கடையில் ஒரு கார்கூட இல்லை. ஷட்டர் திறந்தே கிடந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"பாவம், ரொம்ப நேரமாத் தட்டுறாங்க" என்றார் அச்சகக்காரர். "போய்த் திறந்து விடுங்கண்ணே."