வீட்டுக்கு வா என்று டாங்கிக்குள் சொன்னேன்

பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்துபோய்த் தேநீர் ஊற்றுகிற ஆள் நான். இருபது வருடமாக ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிறேன், ஒருமுறை வந்த முடிவை இன்னொருமுறை சோதிக்காமல் எழுதமாட்டேன். இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் நான் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன். அதுவும் ஒரு டாங்கியின்மேல்.

என் மகள் ஆரணிக்கு இருபத்துநான்கு வயது. இங்கே ஒக்லாந்தில் பிறந்தவள், கனரக வாகனங்கள் திருத்துகிற மெக்கானிக். நாங்கள் இருப்பது த்ரீ கிங்ஸில். அவளுடைய வேலையிடத்து அலுவலகத்தில் இருக்கும் மொய்ரா என்கிற வெள்ளைக்காரப் பெண், ஏறக்குறைய என் வயதுதான், வைக்காட்டோப் பக்கப் பண்ணையொன்றில் கிடந்த இரண்டாம் உலகப்போர்க் காலத்து டாங்கியொன்றை வாங்கி, கிளென் ஈடனில் தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள பெரிய கராஜில் கொண்டுவந்து வைத்திருந்தாள். போர் முடிந்த பிறகு பண்ணைக்காரர் அதைப் பற்றைக்காடு வெட்டப் பாவித்தார்களாம். அந்த வகையில் இந்த நாட்டில் மிச்சமிருப்பது ஒருசிலதானாம். இருவருமாக அதைத் திருத்தத் தொடங்கினார்கள்.

ஊரில் போர்க்காலத்தில் டாங்கிச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் குதித்து வளர்ந்தவள் நான். என் பிள்ளை அதன் சங்கிலிப் பற்களை ஒவ்வொன்றாகக் கம்பித் தூரிகையால் உரசி எண்ணெய் போடுகிறாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. வீட்டில் நான் தமிழில் எது கேட்டாலும் "ஃபைன், மம்" என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல், அதோடு கதவு சாத்திவிடும். அங்கே மணிக்கணக்கில் கதை, சிரிப்பு. சின்ன வயதிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைக்கிற பிள்ளை, மொய்ராவின் சமையலில் வெங்காயம் சாப்பிடுகிறாள் என்று அறிந்த அன்று, நம்பமாட்டீர்கள், குளியலறைக்குள் போய் அழுதேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அடுத்த மாதம் மொய்ரா வீட்டில் ஓர் அறைக்கு வாடகைக்குப் போவதாகச் சொன்னாள். என் கணவர் பஸ் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. "வளர்ந்த பிள்ளை, விடப்பா" என்று சொல்லிவிட்டுச் சீருடை மாற்றப் போய்விட்டார். எனக்கு அந்த இரண்டு இரவும் நித்திரை இல்லை.

ஞாயிறு மத்தியானம் சோறும் கணவாய்க் கறியும் கட்டிக்கொண்டு நானே கிளென் ஈடனுக்குப் போனேன். நல்ல மழை. சாப்பாடு கொடுக்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் சண்டை போடத்தான் போனேன். மொய்ரா என்னை அணைத்து வரவேற்றாள், அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆரணி டாங்கிக்குள் வயர் இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசுகிற பழைய இன்டர்காமைச் சரிசெய்துவிட்டாளாம். என்னை டாங்கியின் மேலே சுழலும் கோபுரத்துக்குள் இறக்கி உட்காரவைத்து, கனத்த கறுப்பு ஹெட்ஃபோனைக் காதில் மாட்டி, மைக்கைக் கையில் தந்து, தான் முன்னால் சாரதி ஆசனத்துக்குப் போய்ப் பேசுவதாகச் சொல்லிவிட்டு வெளியே ஏறினாள். கோபுரத்திலிருந்து பார்த்தால் அந்த ஆசனம் தெரியாது. இடையில் இரும்புதான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மழைச் சத்தம்கூட இல்லை, ஹெட்ஃபோன் அதை அடைத்துவிட்டது. நான்தான் முதலில் கேட்டேன்.

"ஆரணி, கேக்குதோ?"

"ஓம், கேக்குது."

தமிழில். என் அம்மாவின் ஊர்த் தமிழில், ஓர் இழுவையும் பிசகாமல். குரல் ஆரணியின் குரல்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. எவ்வளவு வருடத்துக்குப் பிறகு. முகம் தெரியாததால் வெட்கமில்லாமல் கதைக்கிறாள் என்றுதான் நினைத்தேன். எனக்கும் முகம் தெரியாததுதான் துணிவு தந்தது. என்னை விட்டிட்டு அவளிட்டைப் போகப் போறியோ என்று கேட்டேன்.

"நீங்கள் கூப்பிட்டால் வாறன், அம்மா."

"கூப்பிடாமலோ இருப்பன்? வீட்டை வா பிள்ளை. சோறு போட்டு வைக்கிறன்."

"வாறன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெட்ஃபோனைக் கழற்றினேன். கராஜில் ஓர் அசைவும் இல்லை. மேலே எட்டிப் பார்த்தபோது மொய்ராவின் கார் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. ஆரணி அதிலிருந்து இறங்கினாள், தலையெல்லாம் மழை, கையில் புதிய பட்டரி. பழையது செத்துவிட்டதாம், கழற்றி எடுத்துக்கொண்டு போய் மாற்றி வந்தார்களாம். போகும்போது "பேக் இன் டென், மம்" என்று கத்தினாளாம், எனக்குக் கேட்டிருக்காது என்றாள். சாரதி ஆசனத்துக்கு அவள் போகவே இல்லை. பட்டரி இல்லாத டாங்கிக்குள் அந்த ஹெட்ஃபோன் வெறும் இரும்பும் தோலும்.

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நித்திரை இல்லாத மூளை தனக்கே பதில் சொல்லிக்கொள்ளும் என்று எனக்கு நானே முடிவு எழுதினேன். அவர்கள் பட்டரியைப் பூட்டினார்கள், ஆரணி சாரதி ஆசனத்துக்குள் இறங்கினாள், நான் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று மாலை அவள் வந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள், கையைக் கழுவினாள், சாப்பிடக் குசினி மேசையில் வந்து இருந்தாள்.

"சோறு போடுங்கோ, அம்மா."

அன்றிலிருந்து தமிழ்தான். ஆங்கிலத்தில் கேட்டாலும் பதில் தமிழில். அறை வாடகைக் கதை போய்விட்டது. மொய்ரா வீட்டுக்குப் போவதில்லை, டாங்கியைப் பற்றிப் பேச்சே இல்லை. வேலைக்குப் போகிறாள், வந்து எனக்குப் பக்கத்தில் இருக்கிறாள். என் கணவருக்கு அளவில்லாத பெருமை, கோயிலில் காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். நானும் சில கிழமைகள் சந்தோஷமாகத்தான் இருந்தேன். மொய்ரா தோற்றுவிட்டாள் என்று உள்ளுக்குள் சிரித்ததும் உண்மை.

போன மாதம் மொய்ரா எனக்குப் போன் எடுத்தாள். நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தான் ஏதாவது பிழை செய்துவிட்டேனா என்று கேட்டாள், குரல் உடைந்திருந்தது. நான் என்னவோ மழுப்பினேன். பிறகு அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆரணி தன்னிடம் முகம் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் இப்படிச் சொல்லாமல் கராஜுக்குள் வந்து இருக்க வேண்டாம், தனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். டாங்கிக்குள் அவள் குரல் கேட்கிறதாம். "மம், மம்" என்று கூப்பிடுகிறாளாம். இரும்பில் தட்டுகிறாளாம். மூடியைத் திறந்து பார்த்தால் யாரும் இல்லை. இப்போதும் கேட்கிறது, போனைக் கிட்டே பிடிக்கட்டுமா என்றாள்.

வேண்டாம் என்று சொன்னேன்.

எனக்கு முன்னால் ஆரணி கறியில் இருந்த வெங்காயத்தைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி, "போனிலை ஆர், அம்மா?" என்று கேட்டாள். வேலையிடம் என்றேன். சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.

மொய்ரா அதற்குப் பிறகு நாலைந்து தரம் போன் எடுத்துவிட்டாள். நான் ஒருதரம் வந்து கேட்டால் போதும் என்கிறாள். கிளென் ஈடன் காரில் இருபது நிமிடம். எனக்கு வேலை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயம்தான், ஆனால் பயம் மட்டும் என்றால் பொய். இப்போது என் பக்கத்தில் இருக்கிறவளை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.