கோட்டைத் தாண்டாத செல்கள்

பொங்கலுக்கு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அத்தையிடம் போனில் இரண்டு படங்களைக் காட்டினேன். அத்தை அப்பாவின் அக்கா. காந்தி மார்க்கெட்டில் வாழை இலை விற்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இப்போது ஆராய்ச்சி மாணவி. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

படத்தில் இருந்தவை எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த மார்பகப் புற்றுநோய்ச் செல்கள். அவை நெருக்கமாகப் படர்ந்ததும் நடுவில் ஒரு கோடு கீறிவிடுவோம். மறுநாள் பார்த்தால் செல்கள் நகர்ந்து வந்து கோட்டை மூடியிருக்கும். நாங்கள் சோதிக்கும் சிறு மூலக்கூறு ஒன்றைக் கலந்த தட்டில் மட்டும் கோடு அப்படியே இருந்தது.

"பாருங்க அத்தை, நம்ம மருந்து போட்டதும் நகரவே இல்லை!"

"அடி ஆத்தி! எங்க வீட்டுப் பொண்ணு கேன்சருக்கே மருந்து கண்டுபிடிச்சிருச்சு!" அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

அது இன்னும் மருந்து இல்லை, எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை, மனிதருக்கு வராமலே போகலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேட்க இனிப்பாக இருந்தது.

சித்திரையில் அத்தை மறுபடி வந்தார். கழுவிக் காயவைத்த டானிக் பாட்டில் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"உன் மருந்துல கொஞ்சம் ஊத்திக் குடும்மா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"யாருக்கு அத்தை?"

என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் வைத்தார். புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி.

"பொங்கலுக்கு முன்னாடியே இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் இருந்தேன். நீ படம் காட்டினியா, சரி, நம்ம பொண்ணே குடுக்கும்னு இருந்துட்டேன்."

மறுநாளே அழைத்துப் போனேன். டாக்டர் அக்குளிலும் தொட்டுப் பார்த்தார். "இங்கயும் நெறி கட்டியிருக்கு, பரவியிருக்கலாம். ஸ்கேன் பார்த்துடலாம். ஏம்மா இத்தனை நாள் வரலை?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்கதானே? கூட்டிட்டு வரக் கூடாதா?"

நான் வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "அதுக்குத் தெரியாதுங்க, பாவம். நான்தான் யாவாரத்தை விட முடியாம இருந்துட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பஸ் ஸ்டாப்பில்தான் எல்லாவற்றையும் விளக்கினேன். தட்டு வேறு, உடம்பு வேறு என்று. முடித்ததும் அத்தை ஒன்று கேட்டார்.

"அந்த மருந்து போடாத தட்டு, அதுல கோடு மூட எத்தனை நாள் ஆச்சு?"

"ஒரு நாள், அத்தை."

அவர் மடியில் கையை வைத்து, தை, மாசி, பங்குனி என்று விரல் மடக்கத் தொடங்கினார்.