கோர்ட்டுக்குப் போனதே இல்லை என்றேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நான் பிளஸ் டூ முடித்திருந்த கோடை விடுமுறை. வெளிமாநிலத்தில் உள்ள ஒரு சட்டப் பல்கலைக்கழகம், வசதியில்லாத மாணவர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்துப் படிப்பு, விடுதி எல்லாவற்றையும் இலவசமாகத் தருவதாக அறிவித்திருந்தது. முதலில் ‘நான் ஏன் சட்டம் படிக்க விரும்புகிறேன்’ என்று ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும். பிறகு ஆன்லைனில் நேர்முகத் தேர்வு. அது எனக்கு நடந்தது, திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில்.

சும்மா சொல்லக் கூடாது, முதலில் நான் எழுதிய கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் மயிலம் பக்கம். அப்பா இறந்த மறு வருடமே, எங்கள் நிலத்துக்குப் போகும் வழியைப் பக்கத்து நிலத்துக்காரர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். பிடுங்கிய மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வெளியே கொண்டுவர வழியில்லை. ஊரில் பேசிப் பார்த்து ஓய்ந்துபோய், அம்மா கேஸ் போட்டார். அதன்பிறகு வாய்தா, வாய்தா என்று திண்டிவனம் கோர்ட்டுக்கு அலைச்சல்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அம்மாவுக்கு நான்தான் துணை. டவாலி பெயரைக் கூப்பிடும்போது காதில் விழாமல் போய்விடுமோ என்று பயந்து, ஒரு டீ குடிக்கக்கூட கோர்ட்டு வராண்டாவை விட்டு நகரமாட்டார். கடைசியில் வழி விடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதைப் பேருந்தில் அம்மாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டு வந்தபோதுதான் வக்கீலாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, அம்மாவிடம் பெருமையாகத் தமிழில் சொன்னேன். அவர் முகமே மாறிவிட்டது.

“இத்த ஏன்டி எழுதின? கோர்ட்டு, கேசுன்னு அலைஞ்ச குடும்பம்னு தெரிஞ்சா யாரு சேத்துக்குவாங்க? ஊர்ல என்னைக் கேசுக்காரின்னு பேசிக்கினு இருக்கறது பத்தாதா? உனக்கும் அந்தப் பேரு வேணுமா?”

எங்கள் பக்கம் அப்படித்தான். கோர்ட்டுப் படி ஏறிய வீட்டில் பெண் எடுக்கவே யோசிப்பார்கள். எனக்கும் அம்மா சொன்னது சரியென்றே பட்டது. எழுதியதை அழித்துவிட்டு, இணையத்தில் தேடி நீதி, சமத்துவம், சமூக மாற்றம் என்று பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டு நிரப்பினேன். படித்தால் எனக்கே கொட்டாவி வந்தது. எப்படியோ நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நேர்முகத் தேர்வு அன்று அம்மா, வாய்தாவுக்குக் கட்டும் அதே பச்சைச் சேலையில் வந்தார். கேமராவுக்குத் தெரியாத மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். கேள்விகளுக்குத் தட்டுத்தடுமாறிப் பதில் சொல்லிவிட்டேன். கடைசியாக ஒரு பேராசிரியை என் கட்டுரையைப் புரட்டியபடி, “இதில் உன்னைக் காணோமே. நீ எப்போதாவது கோர்ட்டுக்குள் போயிருக்கிறாயா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கோர்ட்டு என்ற வார்த்தை தெரியுமே! திடுக்கிட்டு நிமிர்ந்தவர், வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“நோ மேடம்” என்றேன்.

பேராசிரியையின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. “சொந்த வாழ்க்கையில் சட்டத்தைப் பார்த்த பிள்ளைகளைத்தான் நாங்கள் தேடுகிறோம். ஒருநாள் போய் உட்கார்ந்து பார்” என்றார். போயிருக்கிறேன் மேடம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினேன்.

வெளியே வந்ததும், “அந்தம்மா கோர்ட்டுன்னாங்களே, இன்னாவாம்?” என்றார் அம்மா.

“போயிருக்கியான்னு கேட்டாங்கம்மா. இல்லன்னுட்டேன்.”

“நல்லவேள! நான் பயந்துக்கினே உக்காந்திருந்தேன்.”

கேஸ் நடந்த காலமெல்லாம் திண்டிவனத்தில் ஒரு டீ குடிக்காதவர், அன்று எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து, தானும் ஒன்று வாங்கி ரசித்துக் குடித்தார். என் கிளாஸில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

எனக்கு இடம் கிடைக்கவில்லை. “போவுது வுடு, நம்ம ஊரு பக்கத்துலயே படி” என்று அம்மாதான் தேற்றினார். இப்போது தினமும் விழுப்புரத்துக்குப் பேருந்தில் போய்ச் சட்டம் படிக்கிறேன். படிப்பில் ஒரு குறையும் இல்லை. சொந்தக்காரர்கள் யார் வந்தாலும், “எம் பொண்ணு கோர்ட்டுல பேசப் போறா” என்று அம்மா வாய் நிறையச் சொல்கிறார். அந்தத் தேர்வில் ஏன் தோற்றேன் என்று மட்டும் அவரிடம் இன்னும் நான் சொல்லவில்லை, சொன்னால் தாங்கமாட்டார். நீ ஏன் சட்டம் படிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, அதற்கான பதில் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதைக் காட்டத் துணியாமல் போனேனே என்பது இன்றும் என் மனதை அறுக்கிறது.